வன்சொல்லுக்கு ஒரு வக்காலத்து

ஆண்டுதோறும் செப்டம்பர் 5ஆம் தேதி வ.உ. சிதம்பரம் பிள்ளையின் சிலைக்கு மாலையிட்டு முடித்த பிறகு, தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் படித்த பெரியவர்கள் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால், புகழுரைகளுக்கு நடுவே ஓர் அபிப்பிராயம் மெல்லத் தலைநீட்டுவதைக் கேட்கலாம். மனிதர் மகாதியாகிதான், அதில் யாருக்கும் ஆக்ஷேபம் இல்லை. ஆனாலும் அந்த நாவை மட்டும் சற்றே அடக்கிக்கொண்டு, ஆவேசப் பிரசங்கியான சுப்பிரமணிய சிவாவையும் பக்கத்தில் சேர்க்காமல், கப்பல் விவகாரத்தைக் கப்பல் விவகாரமாகவே விநயத்தோடு நடத்தியிருந்தால், சுதேசிக் கம்பெனியும் பிழைத்திருக்கும், அவரும் கோயம்புத்தூர்ச் சிறையில் செக்கிழுத்திருக்க வேண்டியதில்லை என்பது அந்த அபிப்பிராயம். அவர் கைதாகி நூற்றுப்பத்து ஆண்டுகள் கழித்து, 2018இல், ஸ்டெர்லைட் போராட்டத்தின்போது தூத்துக்குடியில் இதே கருத்து வேறு உடை உடுத்துக்கொண்டு வந்தது: ஜனங்களின் கோரிக்கை நியாயமானதுதான், ஆனால் அவர்கள் கேட்ட தோரணை சரியில்லை. இரண்டுக்கும் அடியில் கிடக்கும் சித்தாந்தம் ஒன்றே. வன்சொல் எங்கே யார் வாயிலிருந்து வந்தாலும் அது பண்பின் குறைவு, காரியத்துக்கும் கேடு என்பதே அது. இந்தச் சித்தாந்தத்தை நான் முழுமையாக மறுக்கிறேன். மறுப்பதற்குத் தூத்துக்குடியை விடப் பொருத்தமான ஊர் தமிழ்நாட்டில் வேறில்லை.

வன்சொல் என்று நான் இங்கே குறிப்பது குழாயடியில் வாய்க்கு வந்தபடி கொட்டும் வசவையன்று. மென்மையான சொல் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கையில், அதை அறிந்தே விலக்கிவிட்டு, கரடுமுரடான சொல்லை யோசித்து எடுத்துப் போடுகிற செய்கையைத்தான் குறிக்கிறேன். நம் தேசத்து அரசியலில் இதற்கு மிகச் சிறந்த உதாரணம் காங்கிரசின் ஆரம்ப காலத்திலேயே கிடைக்கிறது. ஆண்டுக்கொரு முறை கூடி, தீர்மானம் நிறைவேற்றி, சர்க்காருக்கு விண்ணப்பம் அனுப்பிக் காத்திருந்த மிதவாதிகளின் முறைக்கு அவர்களே இட்டுக்கொண்ட பெயர் சட்டபூர்வமான கிளர்ச்சி. திலகரும் லஜபதி ராயும் அரவிந்தரும் அதற்கு யாசகம் என்று பெயரிட்டார்கள். மிதவாதிகள் மனம் புண்பட்டது வாஸ்தவமே. அவர்களில் பலர் உத்தமர்கள், கோகலேயின் தேசபக்தியைச் சந்தேகிப்பவன் மூடன். ஆனால் அந்த ஒரு சொல் விழுந்த பிறகு, மானமுள்ள இளைஞன் எவனும் விண்ணப்பத்தாளில் கையெழுத்திடப் பேனாவை எடுக்கும்போது ஒரு கணம் தயங்கினான். பழக்கத்தால் கௌரவமாகத் தோன்றிவந்த ஒரு காரியத்தை அதன் மெய்யுருவில் பார்க்கும்படி அவனை அந்தச் சொல் கட்டாயப்படுத்திற்று. நூறு மென்சொற்கள் சேர்ந்து செய்ய மாட்டாத வேலை அது.

இனிக் கப்பலுக்கு வருவோம். சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி 1906ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் தேதி பதிவாயிற்று. மூலதனம் 10 லட்ச ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். தலைவர் மதுரைத் தமிழ்ச் சங்கத்தைக் கண்ட பாண்டித்துரைத் தேவர். கம்பெனியின் நோக்கங்களை வாசித்தால், கப்பலோட்டும் தொழிலிலும் கப்பல் கட்டும் தொழிலிலும் சுதேசிகளுக்குப் பயிற்சி அளிப்பது முதலான, எந்தக் கவர்னரின் சாப்பாட்டு மேசையிலும் தாராளமாக வாசித்துக் காட்டத்தக்க சாதுவான வாக்கியங்களே அங்கே இருக்கின்றன. இதைவிட விநயமான முறையில் ஒரு காரியத்தை எப்படித் தொடங்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. அதற்குக் கிடைத்த பதில் என்ன? சொந்தக் கப்பல் வாங்குமுன் பம்பாய் ஷா லைன் கம்பெனியிடம் வாடகைக்கு எடுத்த கப்பல், பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியாரின் நிர்ப்பந்தத்தால் திரும்பப் பெறப்பட்டது. சிதம்பரம் பிள்ளை கொழும்புக்கு ஓடி வேறு கப்பல் பிடிக்க வேண்டியதாயிற்று. 1907இல் ‘காலியா’வும் ‘லாவோ’வும் தூத்துக்குடித் துறைக்கு வந்து சேர்ந்ததும், வெள்ளைக் கம்பெனி கொழும்புக் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது, சுதேசிக் கம்பெனி எட்டணாவாக்கியது, அவர்கள் ஒரு படி மேலே போய், காசே வேண்டாம், ஏறிக்கொள்ளுங்கள் என்று உபசரித்து, கூடவே ஆளுக்கொரு குடையும் இனாமாகக் கொடுத்தார்கள் என்பது இவ்வூரில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் செய்தி. இந்தக் கதையில் வரும் மிக இனிமையான உபசாரம் அந்தக் குடைதான் என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். கம்பெனியின் கழுத்தில் கயிறு விழுந்தது அப்போதுதான். அந்தச் சமயத்தில் சுப்பிரமணிய சிவா தூத்துக்குடிக்கு வந்திருக்கவே இல்லை.

ஆக, வன்சொல்தான் கப்பலைக் கவிழ்த்தது என்பவர்கள் பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்க்காமல் பேசுகிறார்கள். திலகர் கட்சியாரும் மிதவாதிகளுமாகச் சூரத் காங்கிரஸ் பிளந்தது 1907 டிசம்பரில். சிவா தூத்துக்குடிக் கடற்கரையில் பிரசங்கம் செய்யத் தொடங்கியது 1908 பிப்ரவரியில். அதற்கு முன்பே வியாபாரப் போட்டி என்ற மரியாதையான பெயரால் கம்பெனியை நசுக்கும் வேலை முக்கால்வாசி நடந்தேறியிருந்தது.

அந்தப் பிப்ரவரி மாதத்துப் பிரசங்கங்கள் என்ன செய்தன என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் இங்கேதான் எதிர்க்கட்சியாரின் வாதம் முற்றிலும் சரிகிறது. கடற்கரை மணலில் மாலைதோறும் கூடிய கூட்டத்தில் வக்கீல்களும் மளிகைக்காரர்களும் மட்டும் இருக்கவில்லை. ஹார்வி கம்பெனியாரின் கோரல் மில்லில் விடியுமுன் நுழைந்து இருட்டிய பின் வெளிவருகிற கூலிக்காரர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு அதுவரை யாரும் விண்ணப்பம் எழுதிக் கொடுக்காமல் இல்லை. விண்ணப்பத்தில் அவர்கள் ‘தங்கள் கீழ்ப்படிந்த ஊழியர்கள்’. கடற்கரைப் பிரசங்கத்தில் அவர்கள் கொள்ளையடிக்கப்பட்டவர்கள். பிப்ரவரி 27ஆம் தேதி வேலைநிறுத்தம் தொடங்கிற்று. பத்து நாட்களுக்குள் கூலி உயர்வும், நேரக் குறைப்பும், ஞாயிற்றுக்கிழமை விடுமுறையும் ஒப்புக்கொள்ளப்பட்டன; ஊரிலிருந்த மற்ற ஐரோப்பியக் கம்பெனிகளும் தங்கள் ஆட்களுக்குத் தாமாகவே சலுகை காட்டலாயின. கல்கத்தாவில் அரவிந்தரின் ‘வந்தே மாதரம்’ பத்திரிகை தூத்துக்குடியைக் கொண்டாடி எழுதிற்று. அந்த நாட்களில் ஒரு வக்கீல் முகச்சவரத்துக்கு உட்கார்ந்திருந்தபோது நாவிதர் வேலைநிறுத்தத்தைப் பற்றிக் கேட்க, உனக்கென்ன அந்தப் பேச்சு என்று அவர் அதட்டியதும், பாதி முகத்தோடு அவரை விட்டுவிட்டுக் கத்தியை மடித்துக்கொண்டு நாவிதர் எழுந்து போனதாகச் சிதம்பரம் பிள்ளையின் சரித்திரகாரர்கள் சொல்வார்கள். அந்த வக்கீல் அன்று சோப்பு நுரையோடு தெருவில் வேறு நாவிதர் தேடி அலைந்ததைக் கற்பனை செய்து சிரிக்கலாம். ஆனால் முந்திய மாதம் வரை அதே நாவிதர் அதே வக்கீலுக்கு எஜமானே என்று சொல்லிக் கிண்ணம் ஏந்தியவர் என்பதை நினைத்தால், சிரிப்புக்கு அப்பால் நடந்திருப்பது என்னவென்று புலப்படும். சொல் மாறினதும் முதுகு நிமிர்ந்தது.

பிறகு நடந்ததும் தெரிந்ததே. வங்கத்துத் தேசியத் தலைவர் விபின் சந்திர பாலரின் சிறை விடுதலையைக் கொண்டாடியதற்காக, கலெக்டர் விஞ்சின் உத்தரவால் மார்ச் 12ஆம் தேதி சிதம்பரம் பிள்ளையும் சிவாவும் அவர்களுடைய சகா பத்மநாப ஐயங்காரும் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலி கொதித்தெழுந்தது. போலீசார் சுட்டதில் நால்வர் மாண்டனர். ஜூலை 7ஆம் தேதி ஜட்ஜ் பின்ஹே தீர்ப்பளித்தார்: பிள்ளைக்கு ராஜத்துரோகத்துக்காக ஓர் ஆயுள் தீவாந்தரம், சிவாவுக்கு உடந்தையாயிருந்ததற்காக இன்னோர் ஆயுள் தீவாந்தரம், சிவாவுக்குப் பத்து ஆண்டு. நவம்பரில் ஹைக்கோர்ட்டு இதை ஆறு ஆண்டாகக் குறைத்தது என்பதிலிருந்தே முதல் தீர்ப்பின் நிதானம் எவ்வளவென்று தெரியும்.

இந்த வழக்குக்கு ஆதாரமான 124ஏ பிரிவை வன்சொல்லை வெறுக்கும் நம் பெரியவர்கள் ஒரு தரம் கருத்தோடு வாசிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். 1870இல் தண்டனைச் சட்டத்தில் நுழைக்கப்பட்ட அந்தப் பிரிவு, சர்க்காரின் காரியங்களை ஒருவன் ஒப்பவில்லை என்று சொல்வதைக் குற்றமாக்கவில்லை. சர்க்காரின்மேல் துவேஷமோ அவமதிப்போ உண்டாகும்படி சொல்வதைத்தான் குற்றமாக்கிற்று. அதாவது, என்ன சொன்னாய் என்பதல்ல அதன் கவலை, எந்தத் தொனியில் சொன்னாய் என்பதே. கொள்ளையைக் கொள்ளை என்றால் தீவாந்தரம். பொருளாதாரக் கொள்கையில் சில குறைபாடுகள் என்றால் சட்டசபையில் நாற்காலி. இன்சொல்லே பண்பு என்று நாம் இன்று பரம்பரைச் சொத்தைப்போல் பாராட்டிக்கொள்ளும் விதி, அரசியல் விஷயத்தைப் பொறுத்தவரை, இந்தியன் பீனல் கோடிலிருந்து நமக்கு வந்து சேர்ந்தது. விதியை இயற்றியவனுக்கு அதனால் லாபம் இருந்தது. அதை இன்னும் நாம் ஏன் சுமக்க வேண்டும்?

இந்த இடத்தில் தமிழ்ப் புலவர்கள் எழுந்து, பீனல் கோடு வேண்டாம், வள்ளுவர் இருக்கிறாரே என்பார்கள். இனியவை கூறல் என்ற அதிகாரமும், அதன் முடிவில் வரும் கனியும் காயும் இவ்விவாதத்தில் தவறாமல் வந்து நிற்கும். நல்லது, ஆனால் திருக்குறளில் அதிகாரங்கள் நூற்று முப்பத்து மூன்று. இறைமாட்சியில், காதுக்குக் கசப்பான சொல்லைப் பொறுத்துக்கொள்ளும் அரசனின் குடைக்கீழ்தான் உலகம் தங்கும் என்கிறார் அதே வள்ளுவர். பெரியாரைத் துணைக்கோடலில், கடிந்து சொல்வாரில்லாத அரசன் பகைவர் இல்லாமலே கெடுவான் என்கிறார். நட்பைப் பற்றிப் பேசும்போதும், சிரித்து மகிழ்வதற்காக அல்ல, நண்பன் எல்லை மீறும்போது முந்திச் சென்று இடித்துச் சொல்வதற்காகவே நட்பு என்கிறார். இனிய சொல் இல்லறத்தானுக்கு, அயலாரோடும் விருந்தினரோடும் பழகும் முறையாகச் சொல்லப்பட்டது. அதிகாரத்தின் முன் நிற்பவனுக்கு அவர் கொடுத்த உபதேசம் வேறு. இரண்டையும் கலந்து குழப்புவது வள்ளுவரின் பிழையல்ல. தொல்காப்பியத்துச் செய்யுளியலும் அங்கதத்தை ஒளித்துச் சொல்வது, வெளிப்படையாகச் சொல்வது என்று இரண்டாகப் பிரித்து இரண்டுக்கும் இலக்கணத்தில் இடம் கொடுக்கிறது. வேம்பு போலக் கசந்து பின்னால் பயன் தரும் கடுஞ்சொல்லுக்கு வாயுறை வாழ்த்து என்று பெயரிட்டு, அதை வாழ்த்து வகைகளுள் ஒன்றாகவே வைக்கிறது. கண்டிப்பை வாழ்த்தின் கணக்கில் எழுதிய மொழி நம்முடையது.

இதையெல்லாம் சிதம்பரம் பிள்ளை அறியாமல் பேசினாரென்று நினைக்கிறவர்களுக்கு ஒரு தகவல்: திருக்குறள் அறத்துப்பாலுக்கு மணக்குடவர் எழுதிய உரையை 1917இல் பதிப்பித்தவர் அவரே, தொல்காப்பிய இளம்பூரணத்தைப் பதிப்பித்தவரும் அவரே. இனியவை கூறலுக்கு உரை தேடி ஏட்டைப் புரட்டிய அதே கைதான் கடற்கரையில் உயர்ந்தது. நாவை அடக்கத் தெரியாத மனிதர் என்று அவரைப் பற்றி மூக்கைச் சுளிப்பவர்களில் எத்தனை பேர் ஓர் உரை நூலையாவது பதிப்பித்திருக்கிறார்கள் என்று கேட்பது அநாகரிகமாக இருக்கலாம். நான் கேட்கத்தான் செய்கிறேன்.

இன்னொரு ஆக்ஷேபம் இருக்கிறது, வெளிப்படையாகச் சொல்லப்படாதது. கடற்கரை ஊர்க்காரர்கள் பேச்சே முரடு, அந்தக் காற்றுக்கு அப்படித்தான் வரும் என்று உள்நாட்டார் சிரித்துக்கொண்டே சொல்வது வழக்கம். தாய் மகனை ‘ஏலே’ என்று கூப்பிடுவதில் இருக்கும் வாஞ்சையை, ‘கண்ணா’ என்று கூப்பிட்டே பழகியவர்களுக்கு விளங்கவைப்பது கடினம்தான். முத்துக்குளிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கொற்கை முத்தைச் சங்கப் புலவர்கள் புகழ்ந்தார்கள், ஊருக்கு முத்துநகர் என்று பெயர் வந்தது, சென்னைக்குப் போகும் ரயிலுக்கும் அதே பெயர் வைத்தோம். மென்சொற்களின் பக்கத்தில் குறையொன்றும் இல்லை. அந்தத் தொழிலின் உள்ளே என்ன நடந்தது? தோணியிலிருந்து கயிற்றில் கட்டிய கல்லில் காலை வைத்து, மூச்சை அடக்கி, ஏழெட்டுப் பாகம் ஆழத்தில் இருக்கும் சிப்பிப் பாரில் இறங்கி, ஒரு நிமிஷத்துக்குள் கைக்கு அகப்பட்ட சிப்பிகளைப் பையில் வாரிக்கொண்டு குளிப்பவன் கயிற்றை அசைக்க, மேலே நிற்பவன் சுறாவுக்கும் மூச்சுக்கும் நடுவே இருக்கும் அந்த இடைவெளியில் அவனை இழுத்துப் போட வேண்டும். காதிலும் மூக்கிலும் ரத்தம் வடிய மேலே வருகிறவனிடமும், கயிறு பிடிப்பவனிடமும், தயைகூர்ந்து சற்று விரைவாக இழுக்க முடியுமா என்று கேட்கும் மொழியை எதிர்பார்ப்பவர் ஒரு தரம் அந்தத் தோணியில் போய் வரட்டும். உயிரைப் பணயம் வைத்து எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு, ஒரு பங்கு குளித்தவனுக்கு. இந்தப் பங்கீட்டுக்கு ராஜபாகம் என்பது போன்ற எத்தனை கௌரவமான பெயரையும் வைக்கலாம். கரைக்கு வந்து சிப்பியை மூன்று குவியலாகக் கொட்டிப் பார்த்தவன் அதற்கு வைத்த பெயரை முரடு என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. 1961க்குப் பிறகு இந்தக் கரையில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. முத்துநகர் என்ற இனிய பெயர் மட்டும் நடந்துகொண்டிருக்கிறது.

எதிர்க்கட்சியார் சொல்வதில் கனமானது ஒன்று உண்டு, அதை மறைத்துவிட்டு வாதத்தில் ஜெயிக்க நான் விரும்பவில்லை. வன்சொல்லுக்குக் கதவைத் திறந்தால் அது யார் வீட்டுக்குள் நுழையும் என்று சொல்ல முடியாது என்பார்கள். 1911 ஜூன் 17ஆம் தேதி மணியாச்சி ஜங்ஷனில் கலெக்டர் ஆஷைச் சுட்டுவிட்டுத் தானும் சுட்டுக்கொண்ட வாஞ்சிநாதன் சட்டைப்பையில் இருந்த கடிதத்தில், அந்நியரை மிலேச்சர் என்று குறிக்கும் சொல் இருந்தது. அது செய்த காரியத்தைப் பற்றிய சொல்லன்று, பிறந்த பிறப்பைப் பற்றிய சொல். அதே ரகத்துச் சொற்கள் நம் தெருக்களில் ஒரு ஜாதியான் இன்னொரு ஜாதியானைப் பார்த்துச் சொல்லும் சொற்களாக இன்றும் புழங்குகின்றன. பஸ் ஸ்டாண்டிலும் வயல் வரப்பிலும் ஒரு சொல்லுக்காக அரிவாள் எடுக்கும் சீமை இது. இப்படிப்பட்ட சொற்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை, வாங்கவும் மாட்டேன். செய்கையை நோக்கி வீசப்படும் வன்சொல்லுக்கு மறுமொழி உண்டு: நீ சொன்னபடி நான் செய்யவில்லை என்று நிரூபிக்கலாம், அல்லது அந்தச் செய்கையை நிறுத்தலாம். பிறப்பை நோக்கி வீசப்படும் சொல்லுக்கு மறுமொழியே கிடையாது. அது வாதத்துக்கு வந்த சொல்லல்ல, வாயை அடைக்க வந்த சொல். ஆனால் இந்த வித்தியாசத்தைக் காட்டி நல்ல வன்சொல்லையும் சேர்த்துப் புதைப்பவர்கள், கீழிருந்து மேல்நோக்கிப் போகும் வன்சொல்லைத்தான் எப்போதும் புதைக்கிறார்கள். மேலிருந்து கீழே விழுவது அவர்கள் கண்ணில் படுவதே இல்லை. மேலேயிருப்பவர்கள் வன்சொல் வழங்காமல் இருந்த காலம் எது? 1908இல் திருநெல்வேலியில் நால்வரைச் சுட்டுக் கொன்றுவிட்டு, அந்த நாளுக்கே கலகம் என்று ஏட்டில் பெயரெழுதியது சர்க்கார்தான். அதற்கு எழுச்சி என்ற பெயரை மீட்டுக் கொடுக்க ஆ.இரா. வேங்கடாசலபதி போன்ற ஆராய்ச்சியாளர்கள் நம் காலத்தில் புஸ்தகம் எழுத வேண்டியதாயிற்று.

2018க்கு வருகிறேன். ஸ்டெர்லைட் தாமிர ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாளான மே 22ஆம் தேதி கலெக்டர் அலுவலகத்தை நோக்கி நடந்த கூட்டத்தின்மேல் போலீசார் சுட்டார்கள். மொத்தம் 13 பேர் உயிரிழந்தார்கள். அன்று மாலையிலிருந்து வெளிவந்த அரசுத் தரப்பு வாசகங்களை எடுத்துப் பாருங்கள். தவிர்க்க முடியாத சூழ்நிலை ஏற்பட்டது, துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டது, உயிரிழப்பு நேர்ந்தது. எழுவாய் இல்லாத வாக்கியங்கள். சூழ்நிலை இருக்கிறது, துப்பாக்கி இருக்கிறது, உயிர் போயிருக்கிறது, சுட்டவன் மட்டும் இலக்கணத்துக்குள்ளேயே தென்படவில்லை. இத்தனை பணிவான தமிழை எழுதிய அதே தரப்புதான், கூட்டத்துக்குள் சமூக விரோதிகள் புகுந்துவிட்டார்கள் என்று சட்டசபையில் சொல்லிற்று. ஆஸ்பத்திரியில் கிடந்தவர்களைப் பார்க்க மே 30ஆம் தேதி வந்த நடிகர் ரஜினிகாந்தும் அதே சொல்லைச் சொன்னார். சமூக விரோதி என்பது கேட்க வன்சொல்லாகவே இராது; சம்ஸ்கிருதச் சாயல் பூசிய, அரசாங்க முத்திரை குத்திய, நாகரிகமான பதம். ஆனால் செத்துக்கிடப்பவனின் வீட்டு வாசலில் போட்ட சொல் அது. அந்த ஆஸ்பத்திரி வார்டில் ஒரு வாலிபர் நடிகரைப் பார்த்து, யார் நீங்க என்று கேட்டார். அது மரியாதைக் குறைவு என்று சிலர் கண்டித்தார்கள். ‘நீங்க’ என்ற பன்மை விகுதி அந்தக் கேள்வியில் இருந்ததை அவர்கள் கவனிக்கவில்லை.

அந்த நாட்களில் தெருவில் நின்ற ஜனங்கள் கொலை என்றார்கள். அதைச் சொல்லலாகாது, விசாரணை முடியட்டும், சொற்களில் நிதானம் வேண்டும் என்றார்கள் பெரியவர்கள். விசாரணை முடிந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டசபையில் வைக்கப்பட்டது. ஓடிக்கொண்டிருந்தவர்கள்மேல் காரணமில்லாமல் சுட்டதாக அது கண்டது. 17 போலீசார்மேல் நடவடிக்கை வேண்டுமென்றது. நாலு ஆண்டு சாட்சிகளை விசாரித்து ஆணையம் வந்து சேர்ந்த இடத்துக்கு, செருப்பில்லாமல் ஓடிய ஜனங்கள் அன்று மாலையே ஒற்றைச் சொல்லில் வந்து சேர்ந்திருந்தார்கள். எது நிதானமான சொல், எது ஆவேசமான சொல் என்பதை இனியாவது மறுபடி எடைபோட வேண்டாமா?

ஆகவே தமிழாசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். இனியவை கூறலை மனப்பாடம் செய்விக்கும் அதே வகுப்பில், அதே பருவத்தில், இறைமாட்சியையும் பெரியாரைத் துணைக்கோடலையும் பக்கத்தில் வைத்துக் கற்பியுங்கள். பத்திரிகை ஆசிரியர்களிடம் இன்னொன்று: போலீசு சுட்டு ஒருவன் செத்தால், போலீசு சுட்டுக் கொன்றது என்று எழுவாயோடு அச்சிடுங்கள்.